கதவுக்குப் பின்னாடி ஒருத்தர் நிக்கிறார்

ராத்திரி மணி ரெண்டே கால். ஹாலில் பாய் விரித்துப் படுத்திருந்த என் போர்வையை யாரோ இழுத்தார்கள். கண்ணைத் திறந்தால் குட்டிம்மா. அக்கா பெண், ஐந்து வயது. கையில் தலையணையோடு நிற்கிறாள்.

"மாமா, கதவுக்குப் பின்னாடி ஒருத்தர் நிக்கிறார்."

எழுந்து போய் லைட்டைப் போட்டேன். கதவுக்குப் பின்னால் கொக்கியில் அவளுடைய மழைக்கோட்டு தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்துக் காட்டினேன். நன்றாகப் பார்த்துவிட்டு ரொம்பப் பொறுமையாக எனக்கு விளக்கினாள்: "லைட் போட்டா கோட்டா மாறிடுவார் மாமா. அணைச்சா திரும்ப வந்துடுவார்."

லாஜிக்கில் ஒரு ஓட்டையும் இல்லை. பேசாமல் பாயில் பாதி இடம் கொடுத்துவிட்டேன். :-)

கதை இதுதான். அக்கா ஓ.எம்.ஆர். பக்கம் புது ஃப்ளாட் வாங்கிக் குடிபோய் ரெண்டு மாசம் ஆகிறது. என் ஆபீஸ் பக்கத்திலேயே இருப்பதால் நானும் அங்கேயே ஒண்டிக்கொண்டேன். குட்டிம்மாவுக்குத் தனி ரூம். சுவரில் மேகம், நிலா எல்லாம் வரைந்து அமர்க்களமாக வைத்திருக்கிறார்கள். பகலில் அந்த ரூமை விட்டு வெளியே வர மாட்டாள். ராத்திரி ஆனால் உள்ளே போக மாட்டாள்.

அம்மா ஊரிலிருந்து வந்ததும் பஞ்சாயத்து ஆரம்பம்.

"ஏன்டி, நம்ம வீட்டுல எந்தப் புள்ளை தனியா படுத்துச்சு? கூடத்துல வரிசையா பாயைப் போட்டா ஒம்போது பேரு படுப்போம். நீயே கல்யாணம் ஆகிற வரைக்கும் எங்கூடதானே படுத்த?"

"அதெல்லாம் அப்பம்மா. அஞ்சு வயசாச்சு. இப்பவே தனியா படுத்துப் பழகணும். எல்லாப் புஸ்தகத்துலயும் அப்படித்தான் போட்டிருக்கு."

நான் பொட்டி தட்டுறவன். ஒரு ரிக்வயர்மென்ட் இடித்தால் முதலில் கேட்கிற கேள்வி, இதை யார் எழுதினது, எப்போ, எதுக்காக என்பதுதான். 'குழந்தை தனியாத்தான் தூங்கணும்' என்கிற ரிக்வயர்மென்ட்டும் எங்கேயோ, யாரோ எழுதினதாகத்தானே இருக்கணும்? ஆபீஸில் ஆணி கொஞ்சம் கம்மியாக இருந்த ரெண்டு வாரம் அதைத் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க எனக்கே ஒரு பழைய கணக்கு தீர்ந்தது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதல் ஆச்சரியம். தனி ரூம், தனிக் கட்டில் என்பது வெள்ளைக்காரர்களுக்கே தொன்றுதொட்டு வந்த வழக்கம் இல்லை. ரோஜர் எகிர்ச் என்கிற அமெரிக்க வரலாற்றுப் பேராசிரியர், ஐரோப்பாவின் பழைய காலத்து இரவுகளைப் பற்றி மட்டுமே 2005-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார். அதைப் படித்தால், தொழிற்புரட்சிக்கு முன்னால் சாதாரண ஐரோப்பியக் குடும்பம் ஒரே படுக்கையில் நெருக்கியடித்துப் படுத்தது தெரிகிறது. அப்பா, அம்மா, பிள்ளைகள், சில வீடுகளில் வேலைக்காரர்கள் கூட. கட்டில் என்பது வீட்டிலேயே விலை உயர்ந்த சாமான்களில் ஒன்று. குளிரோ உயிரை எடுக்கும். மெழுகுவர்த்திக்கும் காசு வேண்டும். சத்திரத்தில் தங்கினால் முன்பின் தெரியாதவனோடு படுக்கையைப் பகிர்ந்துகொள்வதும் சகஜம். லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியத்தில், 1590 வாக்கில் செய்த ஒரு சத்திரத்துக் கட்டில் இருக்கிறது. அகலம் மட்டுமே 3 மீட்டருக்கு மேல். எங்கள் ஊர்க் கூடத்துக்குக் கால் முளைத்த மாதிரி.

ஆக, அந்தக் காலத்துக் குழந்தைக்கும் இருட்டு பயம் இருந்திருக்கும். கையை நீட்டினால் யாராவது ஒருத்தர் தட்டுப்பட்டிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

வசதியான வீடுகளில்தான் முதலில் தனிப் படுக்கை வந்தது. குழந்தைகளின் இருட்டு பயத்தைப் பற்றிப் பெரிய மனிதர்கள் எழுத ஆரம்பித்ததும் அந்த வீடுகளை மனதில் வைத்துத்தான். தத்துவவாதி ஜான் லாக் 1693-ல் குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு நூல் வெளியிட்டார். நண்பர் ஒருவருக்கு எழுதிய கடிதங்களிலிருந்து உருவான புத்தகம். இருட்டு பயத்துக்கு அவர் சொன்ன காரணம், வேலைக்காரர்கள். பிள்ளைகளை அடக்கி வைப்பதற்காக அவர்கள் சொல்லும் பேய்க்கதைகள் மனதில் ஒட்டிக்கொண்டு, வளர்ந்த பிறகும் இருட்டைக் கண்டால் நடுங்க வைக்கின்றன. எனவே அந்தக் கதைகளைக் காதில் போடாதீர்கள் என்றார். நம்ம ஊர்ப் பூச்சாண்டிக்கு அந்த ஊரிலும் அண்ணன் தம்பிகள் இருந்திருக்கிறார்கள்.

இதை அம்மாவிடம் சொன்னேன். முந்தின நாள்தான் "தூங்கலைன்னா பூச்சாண்டி வந்துடுவான்" என்று சொல்லியிருந்தார். கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், அதற்கப்புறம் பூச்சாண்டி எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

ஆனால் லாக் சொன்னது பாதிதான் சரி என்று நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து ஒருத்தர் மறுத்தார். கட்டுரையாளர் சார்லஸ் லாம். 1821-ல் இரவு பயங்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். சின்ன வயதில் வீட்டிலிருந்த ஒரு பைபிள் வரலாற்றுப் புத்தகத்தில் சூனியக்காரி ஒருத்தி செத்தவரை எழுப்பும் படத்தைப் பார்த்துவிட்டு, நாலு வயதிலிருந்து ஏழெட்டு வயது வரை ஒரு ராத்திரி கூட நிம்மதியாகத் தூங்கவில்லையாம். ஆனால் அவர் படத்தின் மேல் பழியைப் போடவில்லை. தெரிந்தவர் வீட்டுப் பையன் ஒருவனை உதாரணம் காட்டுகிறார். பேய் என்ற சொல்லே காதில் விழாமல் பொத்திப் பொத்தி வளர்த்த பையன். அவனுக்கும் ராத்திரியில் அதே பயம்! பயம் உள்ளேயே இருக்கிறது, கதைகள் அதற்கு உருவம் மட்டும்தான் கொடுக்கின்றன என்பது லாமின் முடிவு. சின்னக் குழந்தைகளை இருட்டில் தனியாக விட்டுவிட்டுப் போகும் பெற்றோர், தாங்கள் என்ன செய்கிறோம் என்று தெரியாமலே செய்கிறார்கள் என்றும் வருத்தப்பட்டிருக்கிறார்.

இதில் ஒரு தமாஷ். லாக்கும் சரி, லாமும் சரி, கல்யாணமே செய்துகொள்ளாதவர்கள். குழந்தை வளர்ப்பு பற்றிக் கட்டைப் பிரம்மச்சாரிகள் அட்வைஸ் செய்வது ரொம்பப் பழைய பாரம்பரியம் போல. அடியேனும் அந்த வரிசையில். :-)

அப்புறம் 19-ஆம் நூற்றாண்டின் கடைசி. அமெரிக்காவில் நடுத்தர வர்க்க வீடுகள் பெரிதாகின்றன. ஒரு வீட்டில் பிறக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை குறைகிறது. மின்சார விளக்கு வருகிறது. பீட்டர் ஸ்டேர்ன்ஸ் என்ற வரலாற்றாசிரியரும் கூட்டாளிகளும் 1996-ல் எழுதிய கட்டுரை ஒன்று, இந்தக் காலத்தில்தான் 'குழந்தையின் தூக்கம்' என்பதே ஒரு பிரச்சினையாக மாறியது என்கிறது. அதற்கு முன்னால் வந்த வளர்ப்பு நூல்கள் தூக்கத்தைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படவே இல்லையாம். ரூமைப் பிரித்தார்கள், பிரச்சினை வந்தது, பிரச்சினைக்கு நிபுணர்களும் வந்தார்கள்.

முதல் பெரிய நிபுணர் நியூயார்க் குழந்தை டாக்டர் எம்மெட் ஹோல்ட். 1894-ல் வந்த அவருடைய புத்தகம், ஆயாக்களுக்குப் பயிற்சி கொடுக்க எழுதிய கேள்வி-பதில் தொகுப்பு. தொட்டில் ஆட்டாதே, அழுதால் உடனே தூக்காதே, பழக்கம் கெட்டுவிடும் என்பது அவர் கட்சி. பல பதிப்புகள் கண்டு, ஒரு தலைமுறை அமெரிக்கத் தாய்மார்களுக்கு வேதப் புத்தகம் மாதிரி இருந்தது.

அடுத்து வந்தவர் ஜான் வாட்சன். உளவியல் படித்தவர்களுக்கு இவரைத் தெரியும். ரோசலி ரேய்னர் என்ற மாணவியோடு சேர்ந்து 1920-ல் அவர் வெளியிட்ட சோதனை ரொம்பப் பிரசித்தம். ஒரு வயது கூட ஆகாத ஒரு குழந்தை, வெள்ளெலியைக் கண்டு துளியும் பயப்படாமல் இருந்தது. எலியைத் தொடப் போகும்போதெல்லாம் பின்னாலிருந்து இரும்புத் தண்டை சுத்தியலால் ஓங்கி அடித்தார்கள். சில தடவைகளிலேயே எலியைப் பார்த்தாலே அழ ஆரம்பித்துவிட்டது. முயல், நாய், ரோமக் கோட்டு என்று பயம் பரவியது. அந்தப் பயத்தைப் போக்காமலே குழந்தை ஆஸ்பத்திரியை விட்டுப் போய்விட்டது. இன்றைக்கு எந்த ஆய்வு நெறிக் குழுவும் இதை அனுமதிக்காது.

சத்தமும், பிடி நழுவி விழுவதும் தவிர வேறு எதற்கும் குழந்தை இயல்பாகப் பயப்படுவதில்லை. இருட்டு பயம் உட்பட மற்றதெல்லாம் நாம் ஊட்டியது என்பது வாட்சனின் கொள்கை. லாக்கையே ஆய்வுக்கூடத்துக்குக் கூட்டி வந்த மாதிரி. 1928-ல் அவர் எழுதிய வளர்ப்பு நூலில், குழந்தையைக் கொஞ்சாதீர்கள், முத்தம் கொடுத்தே ஆகவேண்டும் என்றால் தூங்கப் போகும்போது நெற்றியில் ஒன்று, காலையில் கைகுலுக்குங்கள் என்று எழுதினார். ஐந்து வயதுப் பிள்ளைக்கு அப்பா காலையில் கை கொடுப்பதை யோசித்துப் பாருங்கள், அப்ரைசல் மீட்டிங் மாதிரி இருக்கும்.

அக்காவின் புத்தகங்களில் இருந்த 'பழக்கணும், இளகக் கூடாது' என்ற குரல், ஹோல்ட்டிலிருந்தும் வாட்சனிலிருந்தும் வழிவழியாக வந்த குரல்தான் என்று எனக்குப் பட்டது. 1985-ல் ரிச்சர்ட் ஃபெர்பர் என்ற டாக்டர் எழுதிய தூக்கப் புத்தகம் அந்தக் குரலைக் கொஞ்சம் மிருதுவாக்கி, நிமிஷக் கணக்கு வைத்து இடைவெளி விட்டுப் போய்ப் பார்க்கச் சொன்னது. 2006-ல் வந்த திருத்திய பதிப்பில், பிள்ளைகள் பெற்றோருடன் படுப்பது பற்றித் தாம் முன்பு சொன்னதையும் அவரே தளர்த்திக்கொண்டார்.

இனிதான் இந்தக் கதையின் நாயகி வருகிறார். மேரி கவர் ஜோன்ஸ். வாட்சனின் சோதனையைப் பற்றிக் கேள்விப்பட்டபோது அவருக்குத் தோன்றிய கேள்வி எளிமையானது: பயத்தை ஊட்ட முடியும் என்றால், போக்கவும் முடியுமா?

தற்காலிகக் காப்பகம் ஒன்றில் இருந்த சுமார் 70 குழந்தைகளிடம் அவர் வேலை செய்து, முடிவுகளை 1924-ல் வெளியிட்டார். நாம் வீட்டில் செய்கிற அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சோதித்திருக்கிறார். பயந்த பொருளைக் கொஞ்ச நாள் கண்ணில் காட்டாமல் விட்டுப் பார்த்தார். வாயால் விளக்கிப் பார்த்தார். திரும்பத் திரும்பக் காட்டிப் பார்த்தார். மற்ற பிள்ளைகள் கேலி செய்தால் என்ன ஆகிறது என்று பார்த்தார். கவனத்தைத் திருப்பிப் பார்த்தார். இவற்றில் எதுவும் நம்பகமாக வேலை செய்யவில்லை. கேலி செய்தால் பயம் இன்னும் கெட்டிப்படவே செய்தது. வேலை செய்தவை இரண்டே இரண்டு. ஒன்று, பிடித்தமான ஒன்றோடு சேர்த்து, பயந்த பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கொண்டுவருவது. இன்னொன்று, பயப்படாத பிள்ளைகளோடு சேர்த்து விடுவது.

அவர் தனியாக எழுதிய பீட்டர் என்ற பையனின் கதை அருமை. மூன்று வயது நிறையவில்லை. முயலைக் கண்டால் அலறுவான். தைரியமான பிள்ளைகளோடு விளையாட விட்டதில் நன்றாக முன்னேறினான். அப்புறம் ஒரு காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தான். குணமாகித் திரும்பும் நேரத்தில் ஒரு பெரிய நாய் மேலே பாய்ந்தது. அவ்வளவுதான், பயம் பழையபடி முதல் படிக்குப் போய்விட்டது. ஜோன்ஸ் சலித்துக்கொள்ளவில்லை. பீட்டரை நாற்காலியில் உட்கார வைத்து, பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்து, கூண்டு முயலைத் தொலைவில் வைத்து ஆரம்பித்தார். நாளுக்கு நாள் கொஞ்சம் கிட்டே. கடைசியில் முயல் தன் விரலைக் கொறிப்பதை பீட்டர் ரசித்துப் பார்த்தான்.

அன்றைக்கு இந்தக் கட்டுரையை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1950-களில் ஜோசப் வோல்ப் என்ற மனநல மருத்துவர் பயத்தைப் படிப்படியாகப் போக்கும் சிகிச்சை முறையை உருவாக்கிய பிறகுதான் ஜோன்ஸின் அருமை தெரிந்தது. இன்று குழந்தைகளின் இரவு பயத்துக்குச் சொல்லப்படும் வழிகளின் அடியிலும் அந்த முயல்தான் உட்கார்ந்திருக்கிறது.

வாட்சனின் கொள்கையும் நிற்கவில்லை. ஜான் பௌல்பி என்ற பிரிட்டிஷ் மனநல மருத்துவர் 1973-ல் வந்த நூலில், இருட்டும் தனிமையும் மனித இனத்துக்கு நெடுங்காலமாக ஆபத்தின் அறிகுறிகள், அவற்றுக்குக் குழந்தை பயப்படுவது கோளாறே இல்லை என்று வாதிட்டார். கல்யாணமாகாத லாம் அன்றைக்கே சொன்னது. எங்கள் மொழியில் சொன்னால், அது பக் இல்லை, ஃபீச்சர்.

உலகத்தில் எல்லாரும் தனியாகத் தூங்க வைப்பதும் இல்லை. 1992-ல் வந்த ஓர் ஆய்வு, அமெரிக்க நடுத்தரக் குடும்பங்களையும் குவாத்தமாலாவின் மாயா குடும்பங்களையும் ஒப்பிட்டது. அமெரிக்காவில் கைக்குழந்தையைக் கூடத் தனி ரூமில் படுக்க வைப்பார்கள் என்று கேட்ட மாயா தாய்மார்கள் அதிர்ந்துபோனார்களாம். ஜப்பானில் அப்பா, அம்மா நடுவில் குழந்தை படுப்பதை, மூன்று கோடு போட்ட 'ஆறு' என்ற எழுத்தின் வடிவம் என்பார்கள். அம்மா இதைக் கேட்டுவிட்டு அக்காவைப் பார்த்த பார்வை இருக்கிறதே... அக்கா விடவில்லை. "சரிடா, ஆனா அவளுக்கு அந்த ரூம் பிடிச்சிருக்கு. பயம் மட்டும்தான் பிடிக்கலை. அதுக்கு வழி இருந்தா சொல்லு."

நியாயமான கேள்வி. அதற்கும் ஒரு கதை சிக்கியது. 2006 லெபனான் போரின்போது, வீட்டை விட்டு வெளியேறி முகாமில் இருந்த இஸ்ரேலியக் குழந்தைகளுக்கு அவி சாதே என்ற உளவியலாளரின் குழு ஒரு துணி நாய்க்குட்டியைக் கொடுத்தது. 'இது உன்னைக் காப்பாத்தும்' என்று சொல்லிக் கொடுக்கவில்லை. 'இது சோகமா இருக்கு, நீ கட்டிப்பிடிச்சுப் பாத்துக்கணும்' என்று சொல்லிக் கொடுத்தார்கள். பொம்மையோடு நன்றாக ஒட்டிக்கொண்ட குழந்தைகளுக்குப் பதற்றம் நன்றாகக் குறைந்தது. பிறகு 2012-ல் வெளியான ஆய்வில், இரவு பயம் உள்ள 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளில் சிலருக்குப் 'பாத்துக்கோ' என்றும், சிலருக்கு 'இது உன்னைப் பாத்துக்கும்' என்றும் சொல்லிக் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டுமே பலன் கொடுத்தது.

நாங்கள் செய்தது இதுதான். மழைக்கோட்டை ஹாலுக்கு மாற்றினோம். சின்ன மஞ்சள் பல்பு ஒன்று. கதவு திறந்தே இருக்கும். குட்டிம்மாவிடம் ஒரு துணி நாய்க்குட்டியைக் கொடுத்து, இது புது வீட்டுக்குப் புதுசு, பயந்துக்கும், நீதான் பாத்துக்கணும் என்றோம். முதல் வாரம் அம்மா அவள் பக்கத்திலேயே தரையில் படுத்தார். அடுத்த வாரம் ரூம் வாசலில். அதற்கடுத்து ஹாலில், குரல் கேட்கிற தூரத்தில். முயல் கிட்டே வந்தது போல, அம்மா கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் போனார்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் நடு ராத்திரி கரண்ட் போய், மஞ்சள் பல்பும் அணைந்தது. வீடே அதிர அலறினாள். மறுநாளிலிருந்து பழையபடி பாட்டி பக்கத்தில்தான். அக்கா சோர்ந்துவிட்டாள். நான் பீட்டரையும் அந்த நாயையும் பற்றிச் சொன்னேன். "சரி, திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிப்போம்" என்றாள். இந்த முறை சீக்கிரமே வாசல் வரை வந்துவிட்டோம்.

இப்போது அந்தப் பழைய கணக்கு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். எனக்கு ஆறு வயது இருக்கும். கொல்லைப்புறம் இருட்டில் போகப் பயந்து அழுதேன். சொந்தக்காரர் ஒருத்தர், "ஆம்பளைப் புள்ளைக்கு என்னடா பயம்" என்று சொல்லி நெல் மூட்டை அடுக்கிய ரூமுக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டார். எல்லாரும் சிரித்தார்கள். அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் இன்றைக்கும் ஹோட்டல் ரூமில் தனியாகத் தங்கினால் பாத்ரூம் லைட்டை எரிய விட்டுத்தான் தூங்குகிறேன். இத்தனை வருஷமாக அதை என் கோழைத்தனம் என்றே நினைத்திருந்தேன். கேலி செய்தால் பயம் போகாது என்று 1924-லேயே ஒரு பெண் எழுதி வைத்திருப்பது எங்கள் வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, பாவம்.

குழந்தையைத் தனியாகத் தூங்க வைப்பதா, கூட வைத்துக்கொள்வதா என்பது அவரவர் வீட்டு வசதி. இரண்டிலும் குற்றம் இல்லை. அந்த விதியின் வயசே நூத்துச் சொச்சம் வருஷம்தான். பயத்தின் வயசு அதைவிட ரொம்ப ரொம்ப அதிகம். அதைக் கேலி பண்ணிப் போக்க முடியாது, கையைப் பிடித்துக்கொண்டுதான் கடக்க முடியும்.

நேற்று ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தபோது குட்டிம்மா ரூமிலிருந்து பேச்சுக்குரல். எட்டிப் பார்த்தேன். நாய்க்குட்டியின் காதில் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பயப்படாதே, அது கோட்டுதான். நான் இருக்கேன்ல?"

கோட்டு ஹாலுக்குப் போய் ஒரு மாசத்துக்கு மேல் ஆகிறது என்று நான் சொல்லவில்லை.

டிஸ்கி: மேலே சொன்னதெல்லாம் விவரம் தெரிந்த பிள்ளைகளுக்கு. கைக்குழந்தை விஷயம் வேறு. ஒரு வயதுக்குள் மூச்சுத் திணறும் ஆபத்து இருப்பதால், அதே ரூமில் ஆனால் தனிப் படுக்கையில் படுக்க வைப்பதே பாதுகாப்பு என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் போன்ற அமைப்புகள் சொல்கின்றன. பெரிய பிள்ளைக்கும் பயம் மாசக் கணக்கில் குறையாமல் பகலையும் பாதித்தால், டாக்டரைப் பார்ப்பதில் வெட்கம் எதுவும் இல்லை.